பல்சக்கர ரயிலும் பூத்தொட்டிகளும்: பிள்ளைகளோடு நீலகிரியில் ஐந்து நாள்

மே 17, சனி. மேட்டுப்பாளையம் – குன்னூர்

சார்ட் போட்டதும் காத்திருப்புப் பட்டியலில் இருந்த இணையச் சீட்டு தானாகவே ரத்தாகிவிட்டது. பணம் திரும்பி வரும், இடம் வராது. மலை ரயிலுக்கு மே மாதச் சனிக்கிழமையில் இது வழக்கமான கதைதான். மிச்சம் இருந்த ஒரே வழி முன்பதிவில்லாச் சீட்டு. அதற்கு இடம் மிகக் குறைவு. வண்டி புறப்படுவது காலை 7.10. விடிவதற்கு முன்பே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வரிசை வளைந்துவிட்டது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் அது இரண்டு மடங்கானது. அதற்கு முன்னால் போய் நின்றவர்களுக்குத்தான் இடம்.

கூட வந்த பிள்ளைகளுக்கு வயது 9, 6. இந்தக் குறிப்புகளில் வரும் தூரம், நேரம் எல்லாம் அந்த இரண்டு வயதுக் கால்களை வைத்துத்தான். வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் சின்னதைப் பார்த்து, "ஏனுங்க, பாப்பாவ எதுக்கு நிக்க வெக்கறீங்க, அந்தப் பெஞ்சுல உக்கார வெய்ங்க. இடம் எங்கயும் போகாது" என்றார். போகவில்லை. அவரே காவல் காத்தார்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பெட்டியில் கழிப்பறை கிடையாது. குன்னூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் நிற்கும் ஸ்டேஷன்களில் இறங்கலாம். ஆனால் நூறு பேர் ஒன்றாக இறங்குவார்கள். ஆகவே மேட்டுப்பாளையத்திலேயே முடித்துவிட்டு, 6 மணிக்கு மேல் பால் கொடுக்காமல், இரண்டு இட்லியோடு ஏற்றிவிடுவது நல்லது.

ரயிலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இஞ்சின் ஏன் பின்னாடி இருக்கு?" பதில் எளிது. ஏற்றத்தில் இழுப்பதைவிடத் தள்ளுவது பாதுகாப்பு. இடையில் ஒரு கொக்கி விட்டுப்போனாலும் பெட்டிகள் இஞ்சின் மேல்தான் சாயும், பள்ளத்துக்கு ஓடாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது ஒன்றல்ல, இரண்டு வரிசை. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். இஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதிகபட்ச ஏற்றம் 12.28 அடிக்கு 1 அடி. மீட்டர் கேஜ் பாதை. குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் வந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. குகையை எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். ஒவ்வொரு குகையிலும் வண்டி முழுக்கக் கத்துகிறார்கள், பெரியவர்களும்தான்.

ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், கையில் பச்சையும் சிவப்புமாகக் கொடிகள். முன்னால் உள்ளவர் காட்டும் கொடியை அடுத்தடுத்தவர் வாங்கிப் பின்னால் கடத்த, கடைசியில் இருக்கும் டிரைவருக்குச் சேதி போய்ச் சேரும். டிரைவருக்கு முன்பாதை தெரியாது. இவர்கள் கண்தான் அவருக்குக் கண். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது ஒரு பிரேக்ஸ்மேன் ஆறு வயதுக்காரியிடம் பச்சைக் கொடியைக் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். கேட்காமலே காட்டினார்.

அதே ஹில்குரோவில்தான் முதல் இழப்பு. வடை, டீ கிடைக்கும். குரங்குகளுக்கும் அது தெரியும். தட்டு கையில் இருந்தால் ஒரு குரங்குதான் வரும், பாலித்தீன் உறை சரசரத்தால் ஐந்து வரும். உணவை ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது. பிடுங்க வந்தால் விட்டுவிட வேண்டும், இழுபறி கூடாது. பிள்ளைகளுக்கு இதை மலை ஏறும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி, தடுப்பூசிக்கு. அன்றைக்குப் போனது இரண்டு வடை மட்டும்.

குன்னூரில் இறங்கும்போது மணி பத்தரை தாண்டியிருந்தது. வெயில் இருந்தது, வியர்வை இல்லை. ஊட்டிக்குப் பதில் குன்னூரில் தங்குவது மே மாதத்தில் புத்திசாலித்தனம். 1850 மீட்டர் உயரம், ஊட்டி 2240. இரவுக் குளிர் இங்கே பிள்ளைகளுக்குத் தாங்கும். அறை வாடகை எங்கும் சீசனில் ஏறித்தான் இருக்கிறது. கேட்க வேண்டியது வாடகை மட்டுமல்ல, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதும். அங்கே காலை 6 முதல் 8 வரை மட்டும்தான். எட்டேகாலுக்கு எழுந்தால் பல் துலக்கலே வீரச்செயல்.

மாலையில் பையைத் திறந்தால் ஷாம்பூ. பாதி காலியான பாட்டில் கீழே மூடப்பட்டது. மேலே வந்து மூடியைத் தட்டியதும் பீய்ச்சிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டும் தலையணைபோல உப்பியிருந்தது. உயரம் கூடினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட காற்று கீழ்நிலத்துக் காற்று, அது விரியும். ஊட்டி வரை போனால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். இந்த ஒரு பாக்கெட்டை உடைக்காமல் ஐந்து நாளும் வைத்திருப்பது என்று முடிவானது. ஒன்பது வயதுக்காரனுக்கு இது பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாடம்; ஆறு வயதுக்காரிக்கு இது வெறும் சித்திரவதை.

மே 18, ஞாயிறு. ஊட்டி, போனதும் திரும்பியதும்

இன்றைய நாளைத் தவறு என்றே எழுதிவிடலாம். தவறு எங்கே என்பதுதான் பயன்.

குன்னூரிலிருந்து ஊட்டி சுமார் 19 கிலோமீட்டர், சாதாரண நாளில் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். ஞாயிறு காலை 10 மணிக்குக் கிளம்பி, வேலிவியூ அருகே பஸ் நின்றது நின்றதுதான். இரண்டரை மணி நேரம். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நீலகிரிக்குச் சொந்த வண்டியிலோ டாக்ஸியிலோ வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடைக்கு வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ் தேவையில்லை. ஆனால் 8000 வண்டியும் போக விரும்புவது அதே நான்கு இடம்தான். பாஸ் வாங்கியிருப்பதால் பாதை காலியாக இருக்காது.

கண்டக்டர் ஒரு கட்டத்தில் எழுந்து, "நடக்க முடிஞ்சவங்க எறங்கி நடங்க, நாங்க சாயங்காலம் வந்து சேர்றோம்" என்றார். பாதிப் பஸ் இறங்கியது. சாலையோரம் கட்டுக்கட்டாக இலையோடு கேரட், கழுவி ஈரம் சொட்ட. பிள்ளைகளோடு நடக்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. விற்ற அம்மா, "இலையக் கிள்ளிட்டுக் குடுங்க சாமி, காம்புல மண்ணு இருக்கும்" என்று இன்னொரு முறை கழுவிக் கொடுத்தார்.

ஊட்டியில் சீசனுக்கென அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றுப்பேருந்து விடுகிறது. ஒரே சீட்டில் நாள் முழுக்கத் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், ரோஜா பூங்கா என்று ஏறி இறங்கலாம். கார் இருப்பவர்களுக்கும் இதுவே மேல். நிறுத்துமிடம் தேடும் நேரத்தில் ஒரு பூங்கா பார்த்துவிடலாம். ஆனால் பேருந்தும் அதே சாலையில்தான் போக வேண்டும். பூங்கா வாசலில் மலர்க்காட்சி வரிசை, சாலையைத் தொட்டு, திரும்பி, இன்னொரு முறை திரும்பி நின்றது. ஒரு குடும்பத்தில் தள்ளுவண்டிக் குழந்தை, வெயிலில் மூக்கு சிவந்து அழுதுகொண்டிருந்தது. குளிராக இருக்கிறதே என்று தொப்பி போடாமல் விடுவதால் வரும் வினை. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். உடம்புக்குச் சூடு தெரியாது, தோலுக்குத் தெரியும். அகல விளிம்புத் தொப்பி, கழுத்தை மூடும் சட்டை, இரண்டும் மே மாதத்தில் ஸ்வெட்டரைவிட முக்கியம்.

வரிசையில் நிற்காமல் ஏரிக்குப் போனது இரண்டாவது தவறு. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் வெட்டுவித்த ஏரி இது. படகு இல்லத்தில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு மூன்றும் உண்டு. மிதிபடகு பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஒன்பது வயதுக்காரனின் கால் மிதிக்கு எட்டியது, முழுச் சுற்றுக்கு எட்டவில்லை. மிதிப்பது பெரியவர்கள் மட்டுமே. காற்று எதிரே வீசினால் திரும்பி வர, போன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும். கூடுதல் நேரத்துக்குக் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், வரும்போது காற்றோடு வருவது முறை. பாதுகாப்பு மேலங்கி பெரியவர் அளவில் கொடுத்தால் மாற்றிக் கேட்க வேண்டும். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் மோவாய்க்கு மேல் ஏறுகிறதென்றால் அது அந்தக் குழந்தைக்கு உதவாது.

மூன்று மணிக்கு இடி. மே மாதத்து நீலகிரி மழைக்கு நேரம் தெரியும். காலை வெளிச்சம், மதியம் கழிந்து கருமேகம். குடை ஒரு காற்றில் திரும்பிக்கொண்டது. மழைக்கோட்டுதான் சரி. நனைந்த காலுறையோடு பிள்ளை நடுங்கும். அதனால் கைப்பையில் ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை. வேகவைத்த சோளம் வாங்கினால் பிள்ளைகள் கைகளைச் சூடாக்கிக்கொள்ள அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், தின்பது அப்புறம். தோல் சேர்த்தே வாங்குங்கள்.

திரும்பியது இரவு எட்டு மணிக்கு. பார்த்தது ஏரி ஒன்று. செலவான மணி பத்து.

மே 19, திங்கள். மலர்க்காட்சி, இம்முறை காலையில்

முதல் பஸ்ஸில் குன்னூரிலிருந்து கிளம்பி ஏழு மணிக்குள் ஊட்டி. சாலையில் பால்வண்டியும் நாளிதழ் வண்டியும் மட்டும். நேற்று மூன்று மடிப்பாக நின்ற அதே வாசலில் பத்துப் பதினைந்து பேர். சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்குவது ஒன்பதரைக்கு மேல், கோவை, ஈரோட்டுக் கார்கள் பதினொன்றுக்கு. இந்த நான்கு மணி நேரம்தான் பிள்ளைகளின் மலர்க்காட்சி.

வாசலில் பையைப் பார்க்கிறார்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை கடுமையானது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். எவர்சில்வர் பாட்டில்தான் கொண்டுவர வேண்டும், ஊரெங்கும் வைத்திருக்கும் குடிநீர் ஏடிஎம்மில் நாணயம் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். ஐந்து ரூபாய் நாணயங்கள் சேர்த்து வைத்துக்கொண்டு வருவது நல்லது. சில்லறை கேட்டால் டீக்கடைக்காரர் முகம் மாறும். உடைக்காத சிப்ஸ் பாக்கெட்டை அறையிலேயே விட்டு வந்தது நல்லதாயிற்று.

தாவரவியல் பூங்கா 1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் அமைத்தது. 22 ஹெக்டேர், முழுக்கச் சரிவு. கீழிருந்து மேலே ஏறுவது என்பதை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும். பெரும்பாலோர் கண்ணாடி மாளிகைக்கும் பூ உருவங்களுக்கும் நேரே போய், படம் எடுத்து, வெயில் ஏறியபின் மேட்டில் ஏற முடியாமல் திரும்பிவிடுகிறார்கள். நேர் எதிராகச் செய்தால் கால்கள் தப்பும்: முதலில் உச்சி, பிறகு இறங்கிக்கொண்டே பூக்கள்.

உச்சியில் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, இருக்கிறது. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்ததுபோல வளைந்த கூரை, மூங்கிலும் பிரம்பும் புல்லும். வாசல் மூன்றடிக்குள். ஆறு வயதுக்காரி குனியாமல் நின்று பார்த்தாள். பெரியவர்கள் தவழ வேண்டும். குளிரும் காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராமலிருக்க அந்த அளவு. இது கண்காட்சிப் பொருள் இல்லை, ஆட்கள் வசிக்கும் இடம். கோயிலுக்குள் யாரும் போகக் கூடாது, பெண்கள் அருகேயும் போவதில்லை. படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். ஒரு மூதாட்டி வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் கோத்துக்கொண்டிருந்தார். அந்தப் பூத்துக்குளிப் போர்வையின் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு போடாமல், துணியின் இழைகளை எண்ணியே தைக்கிறார். பையன் எத்தனை இழை என்று கேட்டான். அவர் சிரித்து, அவன் கையைப் பிடித்து, ஊசியால் எண்ணிக் காட்டினார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார். அதுவும் சரிதான்.

இறங்கும் வழியில் பிள்ளைகள் நிற்கும் இடம் இரண்டு. ஒன்று, இரண்டு கோடி ஆண்டு பழமையான கல்மரம். தொட்டால் கல், பார்த்தால் மரம். மரத்தின் உயிரணு ஒவ்வொன்றின் இடத்தையும் தண்ணீரில் கரைந்து வந்த தாது மெல்ல மெல்ல நிரப்பிவிட்டது என்று சொன்னால், "அப்ப மரம் எங்க போச்சு?" என்று வரும். மக்கிப் போயிற்று, அதன் அச்சு மட்டும் நிற்கிறது. இரண்டு, குரங்கு ஏறாத மரம். இலையெல்லாம் கூர் முள், தண்டு முழுக்க அதுவே. ஹில்குரோவின் வடைத் திருடனை இதில் ஏறவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

மலர்த் தொட்டிகள் படிப்படியாக அடுக்கப்பட்ட மாடத்துக்கு வரும்போது மணி ஒன்பது. பேன்சி, பெட்டூனியா, சால்வியா, டேலியா, மேரிகோல்டு. இந்தத் தொட்டிகளின் வேலை மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு செடியும் விதையிலிருந்து பூவுக்கு எடுத்துக்கொள்ளும் நாள் வேறு. எல்லாம் மே மத்தியில் ஒரே வாரத்தில் மலர வேண்டுமென்றால் விதைக்கும் நாளைப் பின்னிருந்து எண்ண வேண்டும். மழை முந்தினால் இதழ் அழுகும், வெயில் முந்தினால் பூ முன்கூட்டியே தீரும். பூ உருவங்கள் வேறு வகை: இரும்புச் சட்டம், அதன்மேல் ஈரம் பிடிக்கும் பஞ்சு, அதில் குத்திய கொய்மலர்கள். தொடர்ந்து பத்து நாள் தாங்காது. வாடியதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த மாற்றும் வேலை காலையில்தான் நடக்கிறது. ஏணிமேல் நின்ற தோட்டத் தொழிலாளி பிள்ளைகள் பார்ப்பதைக் கண்டு, நீக்கிய பூக்களில் நல்லதாக இரண்டைக் கீழே போட்டார். பதினொரு மணிக் கூட்டத்துக்கு இந்தக் காட்சி கிடையாது.

கூட்டத்தில் பிள்ளையைத் தொலைப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது, ஒலிபெருக்கி ஓயவில்லை. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையில் அறையைவிட்டுக் கிளம்பும்போது அன்றைய உடுப்போடு ஒரு படம். சட்டைப்பையில் அலைபேசி எண் எழுதிய தாள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், அந்நியர் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி. தொலைந்தால் எங்கேயும் ஓடாமல் நின்ற இடத்திலேயே நில், இல்லாவிட்டால் காக்கிச் சட்டையிடம் போ என்று ஒரே கட்டளை. "வாசலுக்கு வா" என்று சொல்லக் கூடாது, இந்தப் பூங்காவில் பிள்ளை கண்ணுக்கு எல்லாமே வாசல்தான்.

மதியம் ஊட்டி – குன்னூர் ரயிலில் திரும்பியது இன்றைய இரண்டாவது வெற்றி. மேட்டுப்பாளையம் வண்டிக்கு அடித்துக்கொள்பவர்கள் இந்தத் துண்டை மறந்துவிடுகிறார்கள். ஒன்றேகால் மணி நேரம். லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன். நாளுக்குச் சில வண்டிகள் ஓடுகின்றன, முன்பதிவில்லாச் சீட்டும் உண்டு. பல்சட்டமும் நீராவியும் இந்தத் துண்டில் இல்லை, டீசல்தான். பிள்ளைகளுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கைக் கண்டதும் பெட்டியே ஒரு பக்கம் சாய்ந்தது.

மே 20, செவ்வாய். குன்னூர்

சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி இன்று இல்லை. அது வழக்கமாக மே கடைசி வாரத்தில். கோடை விழாவின் வரிசை பொதுவாக இப்படி: மே தொடக்கத்தில் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி, பிறகு கூடலூரில் வாசனைப் பொருள், ஊட்டியில் ரோஜா, மலர், கடைசியாகக் குன்னூரில் பழம். ஐந்தும் மே மாதம் முழுக்கப் பரவிக் கிடக்கும். ஒரே பயணத்தில் இரண்டுக்கு மேல் கிடைக்காது, நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாவட்ட நிர்வாகம் ஏப்ரலில் அறிவிக்கும் தேதியைப் பார்த்துத்தான் அறை பிடிக்க வேண்டும். பழத்தைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது வெறும் இரும்புக் கூடுகள். வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. ஆனால் கூட்டைப் பார்த்து இது என்ன விலங்கு என்று ஊகிக்கும் விளையாட்டு, முடிந்த உருவத்தைப் பார்ப்பதைவிட நீண்ட நேரம் ஓடியது. வேலையாள் ஒருவர் விடை சொல்ல மறுத்துவிட்டார்: "வெள்ளிக்கெழம வந்து பாரு தம்பி."

பூங்கா 1874இல் வந்தது, 12 ஹெக்டேர், ஊட்டிப் பூங்காவைவிட நிழல் அதிகம். உள்ளே ருத்ராட்ச மரம் இருக்கிறது. சிறுவர் ஊஞ்சல் இருக்கும் பகுதி சரிவின் அடியில். கடைசியில் ஊஞ்சல் என்று வைத்தால் திரும்ப ஏற மறுப்பார்கள். முதலில் ஊஞ்சல்.

லேம்ப்ஸ் ராக்குக்கு எட்டு மணிக்கு முன் போனால் கோவைச் சமவெளி தெரியும், ஒன்பதரைக்கு வெண்திரை. சாலையிலிருந்து மரங்களுக்கிடையே சிறு நடை. வேலி இருக்கிறது, வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே பிள்ளையின் கையைப் பிடிப்பது போதாது, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். வியர்த்த கை நழுவும். வழியில் தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடுகள் நின்றன, ஐந்தாறு. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு ஹாரனைத் தொடவில்லை. "அதுங்க போனா நாம போலாம்" என்றார். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. ஒரு மாடு தலையைத் திருப்பியது. ஹாரன் நின்றுவிட்டது.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் சுற்றிக் காட்டுகிறார்கள். பறித்த இலையைப் பலகைத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு 12 முதல் 18 மணி நேரம் வாடவைப்பு. பிறகு பல் வைத்த உருளைகளுக்கிடையே நசுக்கி, கிழித்து, சுருட்டல்; சி.டி.சி. என்பது இதுதான். இங்கிருந்துதான் பிள்ளைகளுக்குச் சுவாரசியம். பச்சையாக விழுந்த தூள், காற்றுப் பட்டுக் கண்முன்னே செம்பாகிறது. வெட்டிவைத்த ஆப்பிள் கறுப்பது போலத்தான். அப்புறம் சூட்டில் உலர்த்தல், சலித்தல். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். சலிக்கும் கூடத்தில் இலைப்பஞ்சு பறக்கும். இழுப்பு உள்ள பிள்ளையை அதற்குமுன் நிறுத்திவிடுங்கள். முந்தின நாள் இலை வராவிட்டால் எந்திரம் ஓடாது. உள்ளே போகும் முன் "இன்னைக்கு ஓடுதுங்களா" என்று கேட்பது அவசியம். கேட்காதவர்கள் நின்ற எந்திரத்துக்குக் காசு கொடுத்துத் திரும்புகிறார்கள்.

முடிவில் டீ கொடுத்தார்கள். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். அறைச் சமையலறையில் பருப்பு வேகவில்லை என்று பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு நாளாகப் புலம்பியதற்கு அதுதான் காரணம். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு இந்த மலையில் வேலைக்காகாது. மாலைக்கு வர்க்கி. அடுக்கடுக்காக நொறுங்கும், டீயில் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும், நான்கில் உள்ளே விழும்.

மே 21, புதன். கோத்தகிரி வழியாக இறக்கம்

சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகள் குன்னூர் வழியாக ஏறும், இறங்குபவை கோத்தகிரி வழியாகப் போக வேண்டும். பலரும் இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நல்ல வழி இதுதான், கூட்டமும் குறைவு. கோத்தகிரியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு. 1819இல் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா, இப்போது அருங்காட்சியகம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அளவு. பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். காவலாளி விளக்கைப் போட்டுவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று காட்டிவிட்டு, வேறெதுவும் பேசாமல் வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். வாந்தி வருவது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். பிரேக்கும் வளைவும் சேர்ந்துகொள்ளும். காது உடம்பு திரும்புகிறது என்கிறது, அலைபேசியைப் பார்க்கும் கண் இல்லை என்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். அதனால் அலைபேசி, புத்தகம் இரண்டும் பைக்குள். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார வேண்டும், கடைசி வரிசை கூடவே கூடாது. கண் சாலையின் தூரத்து வளைவில். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிரம்பியும் இருக்கக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு இட்லி, சட்னி வேண்டாம். பிளாஸ்டிக் பை கிடைக்காத மாவட்டத்தில் வாந்திக்கு என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு, உள்ளே நாளிதழ். பாதி வழியில் முன்சீட்டுக் குடும்பத்துக்கு அது தேவைப்பட்டது. கொடுத்தோம். இறங்கும்போது அந்த அம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லக் கூச்சப்பட்டு, அடிவாரத்தில் குழாயில் கழுவி, பஸ் நிற்கும் வரை பிடித்துக்கொண்டே வந்தார்.

காது அடைத்தால் கடலைமிட்டாய். மெல்லும்போது தாடை அசைந்து அடைப்பு விடும்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் அனல் முகத்தில் அறைந்தது. ஸ்வெட்டர்கள் பைக்குள் போயின, அதைத் திறந்தபோதுதான் கோத்தகிரியில் வாங்கிய சாக்லேட் நினைவு வந்தது. கோக்கோ கொழுப்பு 34 டிகிரிக்கே உருகும். மேட்டுப்பாளையத்து மே மதியம் அதைத் தாண்டிவிடும். எடை போட்டு வாங்கிய அரைக் கிலோவில் கால் கிலோ ஒரே பாளமாகியிருந்தது. கம்பளித் துணியின் நடுவே சுற்றி வைத்திருந்த மறுபாதி பிழைத்தது. கம்பளி குளிருக்கு மட்டுமல்ல, வெளிச்சூட்டையும் அதே அளவு நிறுத்தும்.

பிறகு ஷாம்பூ பாட்டில். குன்னூரில் இறுக்கி மூடியது, இப்போது இரண்டு பக்கமும் உள்வாங்கிச் சப்பிப்போயிருந்தது. சிப்ஸ் பாக்கெட்டும் பழைய நிலைக்கு வந்து தளர்ந்து கிடந்தது. பையன் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். அவள் அவன் முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

சிப்ஸ் நமுத்திருக்கவில்லை.